வீட்டின் நாடி



வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று சென்னையிலோ மதுரையிலோ ஒருவன் பேசத் தொடங்கினால் கேட்பவர்கள் நகைப்பார்கள். வீட்டை எவ்வாறு குளிரச் செய்வது என்பதுதான் நம்முடைய கவலையெல்லாம். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. இதற்குக் காரணங்கள் இரண்டு. உங்களில் பலர் மேற்படிப்பின் பொருட்டுக் குளிர்நாடுகளுக்குச் செல்லப் போகிறீர்கள்; அங்கே உங்கள் அறையின் சுவரோரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நின்று உங்களை வரவேற்கும். அதனோடு பழகத் தெரிந்திருப்பது நல்லது. இது முதற் காரணம். இரண்டாவது காரணம், நான் செய்த ஒரு பிழை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2010-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் நான் இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயரில் உள்ள லீட்ஸ் நகருக்குப் படிக்கச் சென்றேன். அந்நகரில் தெருத் தெருவாகச் சிவப்புச் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும். அவற்றுள் ஒன்றில், கணவரை இழந்த முதிய அம்மையார் ஒருவர் தனியே வசித்து வந்தார். மாடியில் ஓர் அறையை எனக்கு வாடகைக்கு விட்டார். பௌதிகம் படித்தவன் என்ற செருக்கு எனக்குச் சிறிது உண்டு. அச்செருக்கை அடக்கியது அந்த வீட்டின் சூடேற்றும் சாதனம்.

முதலில் அந்தச் சாதனத்தின் அமைப்பைக் கூறுகிறேன். சமையலறையில் ஒரு கொதிகலம் இருக்கிறது. பாய்லர் என்று அழைப்பார்கள். அதில் எரிவாயு எரிந்து நீரைச் சூடாக்கும். அந்நீரை ஒரு மின்சாரப் பம்பு குழாய்களின் வழியே வீடெங்கும் தள்ளும். ஒவ்வோர் அறையிலும் ரேடியேட்டர் என்னும் தட்டையான இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. சுடுநீர் அதனுள் ஒரு முனையில் புகுந்து, தன் வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, மறுமுனையில் வெளியேறிப் பாய்லருக்கே திரும்பும். நம் உடலில் இருதயமும் இரத்தக் குழாய்களும் செய்யும் வேலையை நினைத்துக்கொண்டால் இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

வெப்பத்தைச் சுமப்பதற்கு நீரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஒரு கன அடி நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், ஒரு கன அடி காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையானதைப் போல மூவாயிரம் மடங்குக்கும் அதிகம். ஆகவே விரற்கடை அகலமுள்ள குழாயில் ஓடும் நீர், ஒரு பெரிய அறைக்கு வேண்டிய வெப்பத்தைச் சுமந்து வந்துவிடும். ரேடியேட்டர் என்ற பெயரைக் கேட்டு, அது கதிர்வீச்சினால் மட்டுமே அறையைச் சூடாக்குகிறது என்று எண்ணிவிடாதீர்கள். அதைத் தொட்டுச் செல்லும் காற்று சூடாகி மேலெழுகிறது. அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வந்து சேருகிறது. பெரும்பகுதி வெப்பத்தை அறை முழுவதும் பரப்புவது இந்தச் சலனந்தான். ஆதலால் அதன்மேல் ஈரத்துணிகளை அடுக்குவதும், அதற்கு எதிரே பெரிய சோபாவைப் போடுவதும் வெப்பத்தை மறித்துவிடும். அறை சூடேறவில்லை என்று குறை கூறுமுன் இதைக் கவனிக்கவேண்டும்.

இனி நோய்களுக்கு வருவோம். நம் ஊர் வைத்தியர்கள் கையைப் பிடித்து நாடி பார்ப்பார்கள் அல்லவா? இந்தச் சாதனத்துக்கும் நாடி உண்டு. அது எங்கே சூடாக இருக்கிறது, எங்கே குளிர்ந்திருக்கிறது என்பதே அந்த நாடி. அதை அறிவதற்குப் பெரும்பாலும் நம் கை ஒன்றே போதும்.

நான் சென்ற இரண்டாம் வாரத்தில் என் அறை ரேடியேட்டரின் அடிப்பகுதி சுட்டது. மேற்பகுதி சில்லென்று இருந்தது. யந்திரம் கெட்டுவிட்டதென்று நான் கீழே ஓடினேன். அம்மையார் சிரித்துக்கொண்டே மேசை அறையைத் திறந்து, கட்டைவிரல் அளவுள்ள ஒரு பித்தளைச் சாவியை என் கையில் வைத்தார். "ஒரு பழந்துணியும் எடுத்துக்கொள்" என்றார். அவ்வளவுதான் அவர் செய்த உபதேசம்.

மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது என்று பொருள். குளிர்ந்த நீரில் காற்று கரைந்திருக்கும். சூடேறும்போது அது பிரிந்து குமிழிகளாகி, உயரமான இடத்தில் சேரும். காற்று நிற்கும் இடத்தில் நீர் புக முடியாது. பரிகாரம் எளிது. சாதனத்தை நிறுத்தி, நீர் ஆறும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு ரேடியேட்டரின் மேல்மூலையில் உள்ள சிறு திருகில் சாவியைப் பொருத்தி, கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, கால் சுற்று திருப்பவேண்டும். புஸ் என்ற ஓசையுடன் காற்று வெளியேறும். ஓசை நின்று நீர் கசியத் தொடங்கியதும் திருகை மூடிவிடவேண்டும். அந்தச் சமயத்தில் அருகே நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. குழாயின் இரும்பு உள்ளே அரிக்கப்படும்போது ஹைட்ரஜன் வாயுவும் உண்டாவதுண்டு, அது எரியக்கூடியது.

காற்றை வெளியேற்றிய இடத்தை நிரப்ப நீர் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? எங்கள் வீட்டைப் போன்ற பழைய அமைப்பில் கூரைக்குக் கீழே ஒரு சிறு தொட்டி இருக்கும். அதிலிருந்து நீர் தானே இறங்கும். அத்தொட்டிக்கு வேறொரு கடமையும் உண்டு. நீரைப் 10 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு பெருகும். பெருகும் நீருக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். பழைய வீடுகளில் அந்தப் போக்கிடம் இந்தத் தொட்டி. புதிய வீடுகளில் தொட்டி இல்லை. நீர் முழுதும் மூடிய குழாய்களுக்குள்ளேயே இருக்கும். ஒரு பக்கம் வாயு அடைத்த ரப்பர்த் திரையுள்ள கலம் பெருக்கத்தைத் தாங்கும். அவற்றில் அழுத்தமானி ஒன்று பொருத்தியிருப்பார்கள். ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5 பாருக்கும் இடையே நிற்கவேண்டும். காற்றை வெளியேற்றியபின் முள் தாழ்ந்திருந்தால், அதற்கென உள்ள குழாயைத் திறந்து நீர் சேர்க்கவேண்டும். முள் தன் இடத்துக்கு வந்ததும் குழாயை மூடவேண்டும். வாரந்தோறும் முள் தாழ்ந்தால் எங்கோ நீர் கசிகிறது என்று அறியவேண்டும். அப்போது நீரைச் சேர்த்துக்கொண்டே இருப்பது பரிகாரம் ஆகாது, கசிவைத் தேடவேண்டும்.

அடுத்த நோய் இதற்கு நேர்மாறானது. முன்கூடத்து ரேடியேட்டர் மேலே சுட்டது. அடியில் நடுப்பகுதி குளிர்ந்திருந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு சென்றேன். காற்று வரவில்லை, நீர்தான் வந்தது. அப்போதுதான் பல ஆண்டுகளாக அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வயதான மெக்கானிக்கை முதன்முதலாகச் சந்தித்தேன். அவர் ரேடியேட்டரின் இரு வால்வுகளையும் மூடி, அதைச் சுவரிலிருந்து கழற்றி, நாங்கள் இருவருமாக முற்றத்துக்குத் தூக்கிச் சென்றோம். கவிழ்த்தபோது மை போன்ற கருஞ்சேறு கொட்டியது. அவர் தம் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துச் சேற்றில் வைத்தார். சேறு முழுதும் மயிர் சிலிர்த்தாற்போல் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

"நீ பௌதிகம் படிக்கிறாயாமே, இது என்ன?" என்று கேட்டார்.

அது மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடு. பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இரும்பு செந்துருவாகும். மூடிய குழாய்க்குள் பிராணவாயு குறைவாதலால் கருந்துருவாகிறது. அது கனமானது, அடியில் படிந்து நீரின் வழியை அடைக்கிறது. கழுவி எடுத்தபின், துருவைத் தடுக்கும் இரசாயன திரவம் ஒன்றை அவர் தொட்டியில் கலந்தார். அப்போது அவர் சொன்ன விளக்கம் என் மனத்தில் பதிந்துவிட்டது. குழாய்க்குள் உள்ள பழைய நீர் பார்க்க அழுக்காயிருந்தாலும் அதிலிருந்த பிராணவாயு முன்பே செலவாகிவிட்டது. ஆகையால் அது இரும்பை அதிகம் தின்னாது. ஒவ்வொரு முறை புதுநீர் சேரும்போதும் புதுப் பிராணவாயு சேருகிறது. துருவும் புதிதாகத் தொடங்குகிறது. கசிவை அலட்சியம் செய்து நீரை மட்டும் நிரப்பி வருபவர் தம் வீட்டுக் குழாய்களுக்குத் துருவை ஊட்டி வளர்க்கிறார் என்றே சொல்லலாம்.

மற்றச் சிறு நோய்களை விரைவில் கூறிவிடுகிறேன். பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டர்கள் கொதிக்க, தொலைவிலுள்ளவை குளிர்ந்திருந்தால், நீர் எளிதான வழியிலேயே ஓடித் திரும்புகிறது என்று பொருள். அருகிலுள்ளவற்றின் வெளிவாய் வால்வைச் சிறிது மூடினால் தொலைவிலுள்ளவற்றுக்குப் பங்கு கிடைக்கும். பாய்லர் சூடாகிச் சிறிது நேரத்தில் தானே நின்றுவிட, வீடு முழுதும் குளிர்ந்திருந்தால், பம்பு ஓடவில்லை என்று ஐயுறவேண்டும். கோடைமாதங்களில் ஓடாமலே கிடந்த பம்பு இறுகிப்போவது வழக்கம். பாய்லருக்குள்ளே கெண்டியில் நீர் கொதிப்பதுபோன்ற இரைச்சல் எழுந்தால், உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கலாம். இலண்டனைப் போன்ற கடினநீர் ஊர்களில் இது அதிகம். கிளாஸ்கோ நகரத்துக்கு 1859 முதல் லாக் காட்ரின் ஏரியின் மென்னீர் வருகிறது. அங்கே இந்தத் தொல்லை குறைவு.

அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்னும் கருவியும் சில வேளை நம்மை ஏமாற்றும். அது பழுதுபட்டிருக்கவேண்டும் என்பதில்லை. தவறான இடத்தில் இருந்தாலே போதும். விளக்கின் அருகிலோ ரேடியேட்டரின் மேலோ அதைப் பொருத்தினால், அது தன்னைச் சுற்றியுள்ள சூட்டைக் கண்டு வீடு முழுதும் சூடாகிவிட்டதென்று எண்ணிப் பாய்லரை நிறுத்திவிடும். எரிவாயுவால் எரியும் பாய்லருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு சிறு ஃபியூஸ் போனால் பம்பும் நிற்கும், வீடு குளிர்ந்துவிடும். ஆகவே மெக்கானிக்கை அழைக்குமுன் மின்சாரம் இருக்கிறதா, எரிவாயு வருகிறதா, கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, தெர்மோஸ்டாட் எவ்வளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்று நான்கையும் பார்த்துவிடவேண்டும்.

அந்த ஆண்டு குளிர் சாதாரணக் குளிர் அன்று. நவம்பர் இறுதியிலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. 1910 முதலான பிரிட்டன் முழுவதற்குமான வானிலைப் பதிவுகளில் அதைப் போன்ற குளிர்ந்த டிசம்பர் வேறொன்று அதுவரை இல்லை. அடுத்த வீட்டிலே நவீன பாய்லர் வைத்திருந்தார்கள். அது புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் சிக்கனமான வகை. 2005-க்குப் பிறகு இங்கிலாந்தில் புதிதாக வைக்கும் எரிவாயு பாய்லர்கள், சில விலக்குகள் நீங்கலாக, இவ்வகையாகவே இருக்கவேண்டும் என்பது விதி. குளிர்ந்த நீராவி நீராகி ஒரு மெல்லிய குழாய் வழியே சொட்டும். அக்குழாய் வீட்டுக்கு வெளியே சென்றால் கடுங்குளிரில் உள்ளே நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும், பாய்லரும் நின்றுவிடும். அந்த மாதத்தில் நாட்டின் பல பகுதிகளில் இப்படி நேர்ந்தது. அடுத்த வீட்டுக் குழாயின்மேல் நான் வெதுவெதுப்பான நீரை ஊற்றிப் பனிக்கட்டியைக் கரைத்தேன். கொதிநீரை ஊற்றினால் குழாய் வெடித்துவிடக்கூடும். கால்மணி நேரத்தில் பாய்லர் எரிந்தது. அந்த வீட்டார் என்னைப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சியோடு நான் வீடு திரும்பினேன். என் வீட்டில் நான் செய்துவைத்திருந்த காரியம் அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் சமையலறைச் சுவரில், தரைக்கு அருகே, கம்பிச்சட்டம் போட்ட ஒரு துவாரம் இருந்தது. அதன் வழியே ஊசிபோல் குளிர்காற்று புகுந்துகொண்டிருக்கும். பனி தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமையன்று, அம்மையார் சமையலறையில் கால் விறைக்க நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகைத் தாள்களைச் சுருட்டி அத்துவாரத்தை இறுக அடைத்தேன். அவரும் அன்போடு நன்றி கூறினார். இதுதான் நான் செய்த பிழை.

பாய்லரில் முன்சுடர் என்று ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதன் வெப்பத்தில் இரு வேறு உலோகங்கள் இணைந்த ஒரு சிறு முனை நிற்கும். இரு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்னும் விளைவு 1821-இல் ஸீபெக் என்னும் அறிஞரின் ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. இங்கே பிறப்பது ஒரு வோல்ட்டின் நூறில் இரண்டு மூன்று பங்குதான். அந்தச் சிறு மின்சாரமே எரிவாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கும். முன்சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும், வால்வு மூடிக்கொள்ளும், எரியாத வாயு வீட்டில் நிறையாது. எங்கள் பாய்லரில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. காற்றில் பிராணவாயு குறைந்தால் முன்சுடர் தன் இடத்தை விட்டு விலகி, மின்சாரத்தைக் குறைத்து, தானே அணையும்படி அதை அமைத்திருந்தார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் அச்சுடர் அணைந்தது. நான் மறுபடி ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் அணைந்தது, மீண்டும் ஏற்றினேன். மூன்றாம் முறையும் அவ்வாறே. சாதனம் மூன்று முறை தன் வாயால் சொல்லியும் நான் கேட்கவில்லை. அதை அடக்குவதையே பரிகாரம் என்று எண்ணினேன்.

அந்நாட்களில் மாலை வேளையில் எனக்குத் தலைவலி வரும், குமட்டும், புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நிலைக்காது. காலையில் கல்லூரிக்குச் சென்றால் தெளிந்துவிடும். ஊர் நினைவாலும் குளிராலும் வந்த சோர்வு என்று நினைத்தேன். அம்மையாருக்கும் தலைவலி இருந்தது. அவர் அதைத் தம் வயதின்மேல் போட்டார். சமையலறை ஜன்னல் கண்ணாடிகளில் என்றுமில்லாதபடி நீர் முத்துமுத்தாக வழிந்தது. பாய்லரின் முகப்பில் புகைபோல் ஒரு கறை படர்ந்தது. உள்ளே தெரியும் சுடர் முன்போல் நீலமாக நிமிர்ந்து எரியாமல், மஞ்சளாகச் சோம்பி அசைந்தது. இவை யாவற்றையும் நான் கண்ணால் கண்டேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் அறிவு மட்டும் எனக்கு இல்லை.

நான்காம் முறை சுடர் அணைந்தபோது அம்மையார் மெக்கானிக்கை அழைத்தார். அவர் சமையலறையில் காலை வைத்ததும் கருவிப்பையைத் திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார், கறையைப் பார்த்தார். "உங்களில் யாருக்காவது தலைவலி உண்டா?" என்று கேட்டார். இருவருக்கும் உண்டு என்றோம். உடனே எரிவாயுவை மூடிவிட்டுக் கதவுகளைத் திறந்தார். எங்களை வெளியே பனியில் நிற்கச் சொன்னார். பிறகு குனிந்து, சுவர்த் துவாரத்திலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக உருவினார். அவற்றில் ஒன்றைப் பிரித்து, அதன் தேதியை உரக்கப் படித்தார்: 2010, நவம்பர் 28. தலைவலி எப்போது தொடங்கியது என்று அடுத்தபடி கேட்டார். நான் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை.

எங்கள் பாய்லர், அது எரிவதற்கு வேண்டிய காற்றைச் சமையலறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும் பழைய வகை. அந்தக் காற்று வருவதற்காகவே சுவரில் துவாரம் வைத்திருந்தார்கள். நான் அதை அடைத்ததும் அதற்கு மூச்சு முட்டியது. மேலும் கூரையில் புகைபோக்கியின் வாயில் ஜாக்டா என்னும் ஒருவகைக் காகம் சுள்ளிகளால் கூடு கட்டியிருந்தது மறுநாள் தெரியவந்தது. காற்று உள்ளே வரும் வழியை நான் அடைத்தேன். புகை வெளியே போகும் வழியில் பாதியைப் பறவை அடைத்தது.

போதிய பிராணவாயு கிடைத்தால் எரிவாயுவிலுள்ள கரி முழுதும் எரிந்து கரியமில வாயுவாகும். கிடைக்காவிட்டால் அரைகுறையாக எரிந்து கார்பன் மானாக்ஸைடு ஆகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமலும் வராது. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்றில் அது மிகச் சிறிதளவு கலந்தாலும் உடல் பிராணவாயு இன்றித் தவிக்கும். தூக்கத்தில் இருப்பவர் தூக்கத்திலேயே இறந்துவிடுவார்.

இது ஏழை வீட்டுக்கு மட்டும் வரும் ஆபத்தன்று. பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஜோலா 1902-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் பாரிஸில் தம் படுக்கையறையில் இந்த வாயுவினாலேயே மாண்டார். புகைபோக்கி சரியாக இழுக்காமல், கணப்பின் நஞ்சு அறையிலே தங்கிவிட்டது. உடனிருந்த மனைவி பிழைத்தார். அதில் சூது இருந்ததோ என்ற சந்தேகம் பின்னாளில் எழுந்ததுண்டு. நஞ்சு எது என்பதில் சந்தேகமில்லை. நிலக்கரிச் சுரங்கங்களில் விபத்துக்குப் பின் மாண்டவர்களைப் பரிசோதித்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் விஞ்ஞானி, பலரைக் கொன்றது வெடியன்று, இந்த வாயுவே என்று 1896-இல் எடுத்துக்காட்டினார். மனிதனுக்கு முன்னே மயங்கிவிழும் சிறு பிராணிகளை எச்சரிக்கைக்காகச் சுரங்கத்துள் கொண்டுசெல்லலாம் என்றும் கூறினார். அப்படிக் கானரிக் குருவிகள் சுரங்கங்களில் இடம்பெற்றன. மின்னணுக் கருவிகள் வந்தபின், 1986-இல்தான் பிரிட்டன் அக்குருவிகளுக்கு விடைகொடுக்க முடிவு செய்தது.

மெக்கானிக் எங்கள் பாய்லரில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டார்: அபாயம், பயன்படுத்தக் கூடாது. அன்றிரவும் மறுநாள் இரவும் நானும் அம்மையாரும் ஒரு சிறு மின்சார அடுப்பின் முன் போர்வைகளைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். "என் கால் குளிரக் கூடாது என்றுதானே செய்தாய்" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் கொண்டுவரப் போய்விட்டார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

மூன்றாம் நாள் புகைபோக்கியைச் சுத்தம் செய்தார்கள். மெக்கானிக் எரிவாய்களைத் துடைத்து, முன்சுடரைச் சரிசெய்தபின், ஒரு புகைக்குச்சியைக் கொளுத்திப் பாய்லரின் மேல்விளிம்பில் பிடித்தார். புகை அறைக்குள் திரும்பாமல் உள்ளே இழுபட்டு மேலே போயிற்று. பிறகு கருவி ஒன்றால் புகையின் தன்மையை அளந்து பார்த்தார். சுடர் நீலமாக எரிந்தது. போகுமுன் சுவரில் ஓர் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தினார். இந்த நஞ்சு காற்றில் கூடினால் அது அலறும். உள்ளங்கை அளவுள்ள அந்தக் கருவி பழைய கானரிக் குருவியின் வேலையைச் செய்கிறது.

நண்பர்களே, பழுது பார்ப்பதில் எல்லை ஒன்று உண்டு. ரேடியேட்டரின் காற்றை வெளியேற்றலாம், அழுத்தமானியைப் பார்த்து நீர் சேர்க்கலாம், வால்வுகளைச் சமன்செய்யலாம், உறைந்த குழாயை வெதுநீரால் கரைக்கலாம். இவை நீரின் பக்கத்து வேலைகள். சற்றுப் பொறுமை உள்ளவர் எவரும் கற்கக் கூடியவை. எரியும் பக்கத்து வேலை வேறு. எரிவாயு, சுடர், புகைபோக்கி, காற்றுத் துவாரம் ஆகியவற்றை நாம் தொடக் கூடாது. பிரிட்டனில் அதற்கெனப் பதிவு பெற்றவர்களே அந்த வேலையைச் செய்யவேண்டும் என்பது சட்டம். 2009 முதல் அப்பதிவேட்டுக்கு 'கேஸ் சேஃப்' என்று பெயர். வாடகைக்கு விட்ட வீடுகளில் எரிவாயுச் சாதனங்களை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்பதும் அந்நாட்டு விதி. அங்கே அறை எடுக்கும் மாணவர் அந்தச் சோதனைச் சீட்டைக் காட்டும்படி கேட்கலாம். அது அவருடைய உரிமை, கேட்பதில் வெட்கமில்லை.

அறிகுறிகளை மீண்டும் ஒருமுறை சொல்கிறேன். நீலமாயிருக்கவேண்டிய சுடர் மஞ்சளாகிறது. சாதனத்தைச் சுற்றிக் கறை படர்கிறது. ஜன்னல்களில் வழக்கத்துக்கு மேல் நீர் வழிகிறது. முன்சுடர் அடிக்கடி அணைகிறது. வீட்டிலுள்ள பலருக்கு ஒரே சமயத்தில், காய்ச்சலின்றித் தலைவலியும் குமட்டலும் வருகின்றன. வெளியே சென்றால் தெளிகின்றன. இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் சாதனத்தை அணைத்துக் கதவுகளைத் திறந்து வெளியேறவேண்டும். பிறகே மருத்துவரையும் மெக்கானிக்கையும் அழைக்கவேண்டும்.

இப்போது சொல்வது கடல் கடந்து செல்லாதவர்களுக்கும் உரியது. உதகையிலும் கொடைக்கானலிலும் குளிர் தாங்காமல், கரி கனலும் அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு உறங்குகிறவர்கள் உண்டு. கொடைக்கானலில் அவ்வாறு உறங்கிய இளைஞர்கள் விடியற்காலையில் எழாமற் போன செய்தியை நம் நாளேடுகள் வெளியிட்டிருக்கின்றன. புகை தெரியவில்லை, கரி நன்றாகக் கனிந்துவிட்டது, இனி அபாயமில்லை என்று அவர்கள் நினைத்திருக்கவேண்டும். கனிந்த கரியிலிருந்து வருவதும் லீட்ஸ் நகரத்துச் சமையலறையில் எங்களை வருத்திய அதே வாயுதான். குளிர்ந்தால் இன்னொரு கம்பளியைத் தேடுங்கள். கரியை அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

அந்த வீட்டில் நான் மேலும் ஓராண்டு இருந்தேன். அடுத்த நவம்பரில் முதற்பனி விழுந்த அன்று, அம்மையார் சமையலறையில் கம்பளிக் காலுறையோடு நின்றுகொண்டிருந்தார். சுவர்த் துவாரத்தின் வழியே ஊசிபோன்ற அதே காற்று வந்துகொண்டிருந்தது. நான் குனிந்து கையை அதன் எதிரே நீட்டினேன். காற்று கையில் நன்றாகக் குத்தியது. "வருகிறதா?" என்று அவர் கேட்டார். "வருகிறது" என்றேன். இருவருக்கும் அது நிம்மதியாக இருந்தது.